அருளானந்தம் சார் பேசுறேன்

கோவிச்சுக்காதீங்க அண்ணா. "மூணு பேர் சீட்டுல ரெண்டு பேர் உட்கார்ந்தா எப்படிங்க, கொஞ்சம் தள்ளுங்க"ன்னு பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததே, அது கண்டக்டர் இல்லை. நான்தான். கண்டக்டர் அதோ, கீழே நின்னு டீ குடிச்சுக்கிட்டிருக்கார் பாருங்க. நீங்க மடியில இருக்கிற பையைத் தூக்கிக்கிட்டு மரியாதையா நகர்ந்ததைப் பார்த்ததும் எனக்கே பாவமாப் போச்சு. முன் சீட்டுல இருக்கிற அந்தம்மா இன்னும் முறைக்குது. முறைக்கட்டும்.

இடம் கொடுத்தீங்க, பதிலுக்கு நான் ஒரு சிரிப்பு தர்றேன். வயிறு வலிக்கிற சிரிப்பு. ஆனா இப்பவே தர மாட்டேன். ஈரோடு தாண்டி, ஆத்துப் பாலம் தாண்டி, பள்ளிபாளையம் தாண்டி, திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரியும்ல, அப்பத்தான். ஏன்னா அந்தச் சிரிப்பு இன்னும் நடக்கவே இல்லை. பதினொன்றரைக்கு நடக்கப் போகுது. நடத்தப் போறவன் நான்.

பையில என்னங்கண்ணா, இண்டக்ஷன் ஸ்டவ்வா? ரிப்பேர் பண்ணிக் கொண்டுபோறீங்களா. அப்ப நீங்களும் நம்ம ஆள்தான்.

என் பேர் பூபேஷ். பாலிடெக்னிக்ல எலெக்ட்ரானிக்ஸ், ரெண்டாம் வருஷம். எனக்குத் தெரிஞ்ச எலெக்ட்ரானிக்ஸ் ரொம்பக் கொஞ்சம். சுவிட்சைப் போட்டா எரியணும். எரியலைன்னா பக்கத்து பெஞ்சுல இருக்கிற செங்கோட்டுவேலைக் கூப்பிடணும். எனக்கு வர்றது குரல் மட்டும்தான். ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும், என் தொண்டைக்குள்ள வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துக்குவார். வார்டன் குரல்ல ஹாஸ்டலுக்கு லீவு விட்டிருக்கேன். பிரின்சிபால் குரல்ல அந்த வார்டனையே திட்டியிருக்கேன். எங்கம்மா போன் எடுத்தா, "பேசறது நீதானாடா, இல்லை வேற யாராச்சுமா"ன்னு கேட்டுட்டுத்தான் சாப்பிட்டியான்னே கேட்கும்.

இந்தச் செங்கோட்டுவேல் இருக்கானே, அவன்தான் கதை. திருச்செங்கோட்டு மலைச்சாமி பேரு. நாங்க செங்கோடும்போம். பரீட்சைப் பேப்பரைப் பார்த்தா அவன் கை நடுங்கும். சால்டரிங் அயனைப் பிடிச்சா அதே கை கல்லு மாதிரி நிக்கும். முதல் வருஷம் நாலு பேப்பர்ல போயிட்டான். அவங்கப்பா ரிக் வண்டியில இருந்தவர். போர் போடற லாரி, தெரியுமில்லீங்க, எங்க பக்கத்துல ஊருக்குப் பத்து நிக்கும். கிளம்பினா சத்தீஸ்கர், மகாராஷ்டிரான்னு ஒன்பது மாசம் கழிச்சுத்தான் வீடு. அவருக்கு முதுகு போயிடுச்சு. சித்தப்பா வண்டியில அவர் இடம் காலியா இருக்கு. நாலு பேப்பர் போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு மகனைக் கூப்பிட்டு என்ன சொன்னார்ங்கறீங்க? இப்படித்தான் பேசுவார், அடிவயித்துலருந்து:

"ஏஞ்சாமி, எனக்குப் பேப்பரும் தெரியாது, மார்க்கும் தெரியாது. நீ படிச்சதை என்ற கண்ணுல காட்டு. காட்டுனா படி. காட்ட முடியலைன்னா வண்டி ஏறு."

இவன் யோசிக்காம சொல்லிட்டான். "கம்பியே இல்லாம ஒரு பல்பை எரிய வெச்சுக் காட்டறேன்ப்பா."

"கம்பி இல்லாமயா?"

"கம்பி இல்லாமத்தான்."

"தை மாசம் வண்டி கிளம்பறதுக்குள்ள காட்டு."

அது முடியாத காரியம் இல்லைங்கண்ணா. எங்க லேப்ல அருளானந்தம் சார் செஞ்சு காட்டினார். செம்புக் கம்பியை வட்டமாச் சுத்தினா அது ஒரு காயில். அதை ஒரு சின்ன போர்டுல சேர்த்து கரண்டு கொடுத்து, கொஞ்சம் மேலே இன்னொரு காயிலைப் பிடிச்சா, நடுவுல ஒண்ணுமே இல்லாம அந்த ரெண்டாவது காயில்ல இருக்கிற லைட்டு எரியும். நான் அன்னைக்கு சார் எப்படிப் பேசறார்னு பார்த்தேன். செங்கோடு அவர் என்ன செய்யறார்னு பார்த்தான். அவ்வளவுதான் எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம்.

அருளானந்தம் சார் நாகர்கோவில்காரர். பேசறதுக்கு முன்னால ரெண்டு தடவை செருமுவார். ஒண்ணு இல்லை, மூணு இல்லை, ரெண்டு. "ம்க்கும். ம்க்கும். என்னடே, கை சுட்டுட்டா? சுடட்டும், அப்பத்தாம் படிப்பு." இதான் அவர். பாருங்க, அந்தம்மா திரும்பிப் பார்க்குது, நாகர்கோவில்காரர் யாரு ஏறினதுன்னு.

ஐப்பசியில சாருக்கு டிரான்ஸ்பர் வந்து ஊர்ப்பக்கம் போயிட்டார். செங்கோடு வீட்டுல உட்கார்ந்து அவனா போர்டு செஞ்சான். பழைய ஸ்பீக்கர் செட்டுலருந்து சாமான் பிடுங்கி, கம்பி சுத்தி, எல்லாம் செஞ்சான். எரியலை. நாலு நாள் பார்த்தான். எரியலை. கேன்டீன்ல என்கிட்ட வந்து, "சார் இருந்திருந்தா ஒரு தடவை பார்த்துச் சொல்லியிருப்பார்டா"ன்னான்.

அப்படிச் சொல்லலாமா அண்ணா, என்கிட்ட?

என் போன்ல ரெண்டாவது சிம் ஒண்ணு சும்மா கிடந்தது. அன்னைக்குச் சாயங்காலமே ஹாஸ்டல்ல பசங்களைச் சுத்தி உட்கார வெச்சு, ஸ்பீக்கரைப் போட்டு அடிச்சேன். "ம்க்கும். ம்க்கும். அருளானந்தம் சார் பேசுறேன்டே. இது என் புது நம்பர். என்ன செய்யுத?"

அந்தப் பக்கம் ஏதோ கீழ விழற சத்தம். அப்புறம், "சார்... நீங்களே கூப்பிட்டீங்களா சார்"னான். அழுதுட்டானோன்னு இருந்தது. பசங்க தலைகாணியை வாயில அமுக்கிக்கிட்டுச் சிரிக்கறானுங்க.

போர்டைப் பத்தி எல்லாம் சொன்னான். எனக்கு ஒரு எழுத்து புரியலை. புரியலைன்னு சார் சொல்வாரா? "போர்டு எங்கடே வெச்சிருக்க?"ன்னு கேட்டேன். மரப்பலகை மேலன்னான். "அதாம்டே. எர்த்து இல்லை. வீட்டுல பெரிய எவர்சில்வர் தாம்பாளம் இருக்கா? அதைக் கவுத்து வெச்சு, அதுக்கு மேல காயிலை வை. எது செஞ்சாலும் தட்டு மேல வெச்சே செய்யி." அவன் ஓடறது கேட்குது. பின்னால அவங்கம்மா, "அடேய், அது என்ற பூசைத் தட்டுடா"ங்குது.

அப்புறம் நாளுக்கு ஒண்ணு. காயிலை வடக்குப் பார்த்து வைக்கச் சொன்னேன், வெச்சான். போர்டுல ஈரம் இருக்கும், ஒரு ராத்திரி அரிசிக்குள்ள புதைன்னேன், புதைச்சான். செவ்வாய்க்கிழமை தொடாதேன்னேன். "ஏன் சார்?"னான். "மின்சாரத்துக்கு ஆகாதுடே." நோட்டுல எழுதிக்கிட்டான் அண்ணா. அடுத்த நாள் கிளாஸ்ல அந்த நோட்டை என்கிட்டயே காட்டறான், "சார் எவ்வளவு சொல்லித் தர்றார் பாரு"ன்னு. நான் அதை முகத்தை வெச்சுக்கிட்டுப் படிக்கணும். சிரிப்பு அதுவா? இல்லைங்க, அது சும்மா தொட்டுக்க. சாப்பாடு இனிமேத்தான்.

பாலம் வந்துடுச்சு. ஆத்துல தண்ணி குறைஞ்சு போச்சு பாருங்க.

மூணாவது வாரம் அவன் போர்டைப் பத்திப் பேசாம வேற பேச ஆரம்பிச்சுட்டான். சார்கிட்ட. அப்பாவுக்கு முதுகு வலியில தூக்கமே இல்லை சார். வண்டிக்குப் போறது தப்பில்லை சார், ஆனா போனா நான் திரும்பிப் படிக்க மாட்டேன் சார், எனக்குத் தெரியும். இப்படி. நான் "ம்ம், ம்ம்"ங்கறேன். பசங்க இன்னும் சுத்தி உட்கார்ந்திருக்கானுங்க. அப்பச் சொன்னான்: "இங்க பூபேஷ்னு ஒருத்தன் இருக்கான் சார். எல்லார் மாதிரியும் பேசுவான். அவன் மாதிரி அவன் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான் சார்."

பசங்க உருண்டு சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டு வராண்டாவுக்குப் போயிட்டேன். சார்ஜ் குறைவா இருந்தது, அதான்.

அதுலருந்து நான் நல்லவனாயிட்டேன் அண்ணா. நிஜமாத்தான். பசங்களைச் சேர்க்கறதில்லை. சார் குரல்லயே ஒவ்வொண்ணா வாபஸ் வாங்கினேன். "வடக்கெல்லாம் வேண்டாம்டே. அரிசி வேண்டாம். செவ்வாய்க்கிழமையும் செய்யி." தட்டை மட்டும் விட்டுட்டேன். அது மட்டும்தான் எனக்கே நிஜமாப் பட்டது. எர்த்துன்னா நல்லதுதானுங்களே.

உதவி பண்ணணும்னு முடிவு பண்ணிட்டா எனக்குத் தெரியணுமில்ல? மோட்டாருக்குக் காயில் கட்டற கடைக்குப் போய், கவுன்சிலர் குரல்ல நாலு வார்த்தை பேசி அவரைச் சிரிக்க வெச்சு, கேட்டேன். "ஏங்க, காயில் சுத்தினா வேலை செய்யலைன்னா முதல்ல எதைப் பார்ப்பீங்க?" அவர் தலையே நிமிராம, "கம்பி மேல எனாமல் பூசியிருக்கும், ரெண்டு முனையையும் சுரண்டினானா இல்லையான்னு கேளு"ன்னார். ஓடி வந்து அடிச்சேன். "முனையைச் சுரண்டினியாடே?" சுரண்டலை அண்ணா அவன். அத்தனை கெட்டிக்காரன், அவசரத்துல அதை விட்டிருக்கான். பிளேடு வெச்சுச் சுரண்டி, சால்டர் பண்ணி, பத்தே நிமிஷத்துல கூப்பிட்டான். குரலே வேற மாதிரி இருந்தது. "சார், கரண்டு போகுது சார். போர்டுக்கு உயிர் வந்துடுச்சு சார். லைட்டு எரியலை, ஆனா அடியில தட்டு சுடுது சார்."

தட்டு சுடுதாம். "இட்லி ஊத்துடே"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். நானும் அவனும் சேர்ந்து சிரிச்சது அந்த ஒரு தடவைதான், அதுலயும் நான் சாரா இருந்தேன்.

என்னங்கண்ணா, ஏன் நிமிர்ந்து உட்கார்றீங்க? கேள்வியெல்லாம் கடைசியில. மலை வரட்டும்.

அப்புறம் மார்கழி பூராவும் அதே கதை. மாஸ்ஃபெட்னு ஒரு சாமான், கால் மூணு இருக்கும், அது வெந்து போகும். போட்டா வேகும், போட்டா வேகும். கெபாசிட்டர் மாத்துன்னேன். மாத்தினான். காயிலைப் பிரிச்சுப் புதுசாச் சுத்துன்னேன். பிரிச்சான், சுத்தினான். எல்லாம் நெட்ல படிச்சுட்டுத்தான் சொன்னேன், என் பாடத்தைக்கூட நான் அப்படிப் படிச்சதில்லை. மீட்டர் வெச்சு ஒவ்வொரு இடமா அளந்து சொல்வான், எல்லாம் சரியா இருக்கும். சரியா இருக்கும், எரியாது. ஒரு நாள், "சார், எல்லாம் பார்த்தாச்சு, இந்தத் தட்டை ஒரு தடவை எடுத்துட்டுப் பார்க்கட்டுமா சார்?"னான். எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. ஏன்னா அந்த எனாமலும் தட்டும்தான் நான் உருப்படியாச் சொன்னது. "நீ சாரா நான் சாரா? சொன்னதை மாத்தாதடே. அளவு எல்லாம் தட்டு மேல வெச்சு எடுத்தது, தட்டை எடுத்தா மறுபடி முதல்லருந்து வரணும்." இது எனக்கே ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அருளானந்தம் சாரே அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இருங்க அண்ணா. பேச விடுங்க. போன ஞாயித்துக்கிழமை அப்பாவுக்குக் காட்டற நாள். நானும் போயிருந்தேன், பூபேஷாத்தான். சித்தப்பா கட்டில்ல உட்கார்ந்திருக்கார். அம்மா சமையக்கட்டு வாசல்ல. அப்பா தரையில உட்கார முடியாது, முதுகு. ஆனா உட்கார்ந்தார். லைட்டு வெச்ச காயிலை அவரே கையில வாங்கி, "எங்க சாமி பிடிக்கணும்?"னு கேட்டார். "இங்கப்பா." பிடிச்சார். சுவிட்சைப் போட்டான். எரியலை.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடிக்கட்டுமா?"

"பிடிங்கப்பா."

எரியலை. செங்கோடு போனை எடுத்துக்கிட்டு மூலைக்குப் போனான். யாருக்கு அடிச்சான்? சாருக்கு. சார் எங்கே இருக்கார்? என் பேன்ட் பாக்கெட்டுல. சத்தம் வைக்கலை, நல்லவேளை. தொடையில உறுமுது அண்ணா. உறுமி நிக்குது, மறுபடி உறுமுது. நான் அப்பா பக்கத்துல உட்கார்ந்து லைட்டையே பார்த்துக்கிட்டிருக்கேன். பதினோரு தடவை. நினைச்சுப் பாருங்க அந்தக் காட்சியை. இதுக்குக்கூடச் சிரிக்க மாட்டேங்கறீங்க.

அப்பா ஒரு மணி நேரம் பிடிச்சிருந்தார். கையை மாத்தி மாத்தி. ஒரு தடவை தட்டுல விரல் பட்டுக் கையை உதறினார். "சூடா இருக்குதே சாமி"ன்னார். "அது அப்படித்தான்ப்பா, சார் சொல்லியிருக்கார்"னான். கடைசியில அவர் காயிலைப் பத்திரமாக் கீழ வெச்சுட்டு, "கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடு"ன்னார். திட்டியிருந்தாக்கூட நான் அவர் குரலை எடுத்திருப்பேன். அந்த வாக்கியத்தை மட்டும் எனக்கு எடுக்க வரலை. முயற்சி பண்ணிப் பார்த்தேன்.

இன்னைக்கு அவன் ஊர்லருந்து வண்டி கிளம்புது, அவனும் ஏறறான். பதினொன்றரைக்குப் பூசை, பன்னெண்டுக்குள்ள நகர்ந்துடும். காலையில ஆறு மணிக்கு சாருக்குக் கூப்பிட்டான். "போயிட்டு வர்றேன் சார். உங்க நேரத்தையெல்லாம் வீணாக்கிட்டேன் சார்"னான். "போர்டு எங்கடே?"ன்னேன். "பலகை மேல கிடக்குது சார். தட்டை அம்மா புளி போட்டு விளக்கி, வண்டிப் பூசைக்குத் தேங்காய் பழம் வைக்க எடுத்துட்டாங்க."

சரி, மலை தெரியுது. அதோ, தறிக் கொட்டாய்க்குப் பின்னால. இப்ப சிரிப்பு. நான் போய் வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன். பூசணிக்காய் உடைச்சு, சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெச்சு, அவன் ஏணியில கால் வைப்பான் பாருங்க. அப்ப அவன் காதுக்குப் பின்னால: "ம்க்கும். ம்க்கும். என்னடே செங்கோடா, மீட்டர் எடுத்தாச்சா?" திரும்புவான். சாரைத் தேடுவான். நான் நிப்பேன். அவன் மூஞ்சி எப்படி இருக்கும் சொல்லுங்க. மூணு மாசமாப் பேசினது நான்தான்னு தெரிஞ்சா... சிரிச்சுடுவான். சிரிச்சுத்தான் ஆகணும். ஒன்பது மாசத்துக்கு அழுதுக்கிட்டே போகக் கூடாதில்ல.

இப்பக் கேளுங்க. ஏதோ கேட்கணும்னு பள்ளிபாளையத்துலருந்து துடிக்கறீங்களே.

தட்டா? அதான் சொன்னேனே, எர்த்துக்கு.

எதுக்கு ஸ்டவ்வை வெளியே எடுக்கறீங்க? இதுக்குள்ள இருக்கிறதும் காயில்தான், சரி. மேல எவர்சில்வர் பாத்திரம் வெச்சா, சரி, பாத்திரம் சூடாகும், அது எங்கம்மாவுக்கும் தெரியும். அடுப்பு சுடறதில்லை, பாத்திரம்தான் சுடும். அதுக்கென்ன. காயில் கொடுக்கறதை எல்லாம் பாத்திரமே குடிச்சுடும். ஆமா. அப்ப மேல வேற எதுக்கும்...

மேல வேற எதுக்கும் மிஞ்சாது.

இல்லைங்கண்ணா. அவன் வெச்சது அடியில. காயிலுக்கு அடியில. மேலயா இருந்தா என்ன, அடியிலயா இருந்தா என்னங்கறீங்க. அப்ப, எனாமல் சுரண்டின அன்னைக்கே... தட்டு சுட்டதே அதனாலதானா? லைட்டுக்குப் போக வேண்டியதைத் தட்டு... மாஸ்ஃபெட் வெந்ததும்? அதுவுமா?

அது நான் சும்மா சொன்னது அண்ணா. முதல் நாள். பசங்க சிரிக்கறதுக்கு.

அவன் கேட்டான். எடுத்துட்டுப் பார்க்கட்டுமான்னு கேட்டான்.

இப்ப மணி என்ன? பதினொண்ணே கால். போர்டு பலகை மேலதான் இருக்கு, தட்டு இல்லாம. சுவிட்சு போட்டாப் போதும்ங்கறீங்க. எரியுமா? எரியலாம்ங்கறீங்க. அடிக்கறேன், அடிக்கறேன், போனை என் கையில திணிக்காதீங்க. ஆனா என் குரல்ல சொன்னா நம்புவானா அவன்? நான் எதைச் சொன்னாலும் விளையாட்டும்பான். சார் சொன்னதை மாத்தக் கூடாதும்பான். சார்தான் சொல்லணும்.

ரெண்டாவது சிம்லருந்து அடிச்சாச்சு, ரிங் போகுது. நாதஸ்வரம் கேட்குது அந்தப் பக்கம். எடுத்துட்டான். "சொல்லுங்க சார்"ங்கறான்.

ம்க்கும்.

ம்க்கும்.

இதுக்கு மேல வர மாட்டேங்குது அண்ணா.